மலையில கோழி முட்டை குறைஞ்சா: பனியா, பாக்டீரியாவா, எப்படிக் கண்டுபிடிக்கறது, என்ன பண்றது

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் ஆகட்டும், கொடைக்கானல், பண்ணைக்காடு, பூம்பாறை பக்கம் ஆகட்டும், பத்து கோழி வெச்சிருக்கறவங்களும் இருநூறு வெச்சிருக்கறவங்களும் முட்டை குறைஞ்சதும் பண்றது ஒரே வேலைதான். நேரா மருந்துக் கடைக்குப் போய் "முட்டை விட மாட்டேங்குது, ஏதாவது பவுடர் குடுங்க"ன்னு கேக்கறது, அங்க கைக்கு வர்றது பாதி நேரம் ஆன்டிபயாடிக், அதை தண்ணில கலக்கி அஞ்சு நாள் குடுத்துட்டு ஏறலைன்னா வேற பவுடர். நோய் என்னன்னே தெரியாம மருந்து மட்டும் மாறிட்டே இருக்கும். பவுடர் வாங்கறதுக்கு முன்னாடி முட்டையப் பாக்கணும், கோழியப் பாக்கணும், பொரிக்காத முட்டைய உடைச்சுப் பாக்கணும், அப்புறம் முடிவு பண்ணணும். அதை எப்படிப் பண்றதுன்னுதான் இங்க எழுதறேன்.

மொதல்ல பாக்டீரியாவே இல்லாத காரணங்கள தள்ளி வெச்சுடலாம், ஏன்னா மலையில இதுதான் ஜாஸ்தி. முட்டைக் கோழி நல்லா விடணும்னா ஒரு நாளைக்கு 14லிருந்து 16 மணி நேரம் வெளிச்சம் வேணும், நம்ம பக்கம் டிசம்பர்ல பகலே பதினொண்ணரை மணி நேரம்தான், அதுலயும் மூடுபனி நாள்ல கொட்டகைக்குள்ள காலைல ஒன்பது மணிக்குக்கூட இருட்டா இருக்கும். அதனால கார்த்திகை, மார்கழில முட்டை குறையறதுல அதிசயமே இல்ல. விடியக்காலைல ஒரு சின்ன பல்பு போட்டு வெளிச்ச நேரத்த கொஞ்சம் கொஞ்சமா கூட்டினா சில வாரத்துல பலன் தெரியும். கொட்டகைத் தரையெல்லாம் இறகு கெடக்குதா, கழுத்துல புது முள் இறகு வருதா, அப்ப கோழி இறகு உதிர்க்குது, அந்த நேரத்துல முட்டை நின்னுதான் போகும். நாட்டுக்கோழி பன்னண்டு, பதினஞ்சு முட்டை விட்டுட்டு அடைக்கு உக்காந்துடும், அது அதோட குணம், அதுக்கு மருந்து குடுக்கறது வீண். அப்புறம் பனி நாள்ல உடம்பு சூட்டுக்கே கோழிக்கு தீனி அதிகமா தேவைப்படும், வெயில் காலத்துல போட்ட அதே அளவு போட்டா முட்டைக்கு மிச்சம் இருக்காது. கீரி, எலி, நாய், சில சமயம் கோழியே முட்டைய உடைச்சுக் குடிக்கறது, இதையும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

இதெல்லாம் பாத்தாச்சு, கோழி நல்லா தீனி எடுக்குது, கொண்டை செவப்பா இருக்கு, எச்சம் கெட்டியா இருக்குன்னா பெரும்பாலும் நோய் இல்ல. மாறா தீனி குறைஞ்சு, கொண்டை வெளுத்தோ கருத்தோ போய், முட்டையும் குறைஞ்சா அங்கதான் நம்ம வேலை ஆரம்பிக்குது.

முட்டை உள்ள எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். பொட்டக்கோழிக்கு இடது பக்க முட்டைப்பையும் இடது பக்க முட்டைக் குழாயும்தான் வேலை செய்யும். மஞ்சக்கருவுக்கு வேண்டிய கொழுப்பும் புரதமும் கல்லீரல்ல தயாராகி ரத்தம் வழியா முட்டைப்பைக்கு வந்து சேரும், ஒரு மஞ்சக்கரு முழு அளவுக்கு வளர கடைசியில சுமார் பத்து நாள் வேகமா வளரும். அது கழண்டு குழாய்க்குள்ள விழுந்ததும் மொதல் கால் மணி, அரை மணி நேரத்துலயே சேவலோட விந்து சேர்ந்து கரு கட்டணும், அப்புறம் சுமார் 3 மணி நேரம் வெள்ளைக்கரு சேரும், ஒரு மணி நேரம் போல உள் சவ்வு, கடைசியா ஓடு கட்டற எடத்துல 20 மணி நேரம் வரைக்கும் உக்காந்திருக்கும். மொத்தம் 24லிருந்து 26 மணி நேரம். பாக்டீரியா எந்த எடத்துல அடிக்குதோ அதுக்கேத்த மாதிரி முட்டை மாறும். கல்லீரல்ல அடிச்சா மஞ்சக்கருவே தயாராகாது, முட்டை நின்னுடும். முட்டைப்பைல அடிச்சா அங்க வளர்ற மஞ்சக்கரு சுருங்கி, நெறம் மாறி, காம்புல தொங்கற மாதிரி ஆயிடும். குழாய்ல அடிச்சா ஓடு மெல்லிசாகும், ஓடே இல்லாத தோல்முட்டை வரும், இல்லன்னா மஞ்சக்கரு குழாய்க்குள்ள போகாம வயித்துக்குள்ளயே விழுந்துடும்.

குழாய்க்குள்ள பாக்டீரியா போறதுக்கு மூணு வழி இருக்கு. ஆசனவாய் வழியா கீழ இருந்து மேல ஏறலாம், அழுக்கான அடைக்கூடு, கழிச்சல், முட்டை சிக்கறது, கோழிங்க ஒண்ணுக்கொண்ணு பின்னாடி கொத்திக்கறது எல்லாம் இதுக்கு வழி விடும். ரத்தம் வழியா வரலாம். மூணாவதுதான் மலைக்காரங்க கவனிக்க வேண்டியது, மூச்சு வழி. கோழிக்கு நுரையீரலோட வயித்துக்குள்ள வரைக்கும் காத்துப் பைங்க இருக்கு, இடது பக்க வயித்துக் காத்துப்பை முட்டைக் குழாய ஒட்டியே இருக்கறதால மூச்சுல சளி புடிச்சு ஆரம்பிச்ச ஈ.கோலிங்கற பாக்டீரியா அங்கிருந்து நேரா குழாய்க்குத் தாவிடும்.

இங்கதான் நம்ம கொட்டகை கட்டற பழக்கம் வம்பு பண்ணுது. பனிக்கு பயந்து நாலு பக்கமும் சாக்கு, தார்ப்பாய்னு இறுக்கி மூடிடறோம், உள்ள இருக்கற மரத்தூள் மழைக்காலம் முழுக்க காயறதே இல்ல, எச்சத்துல இருந்து அமோனியா கெளம்பி உள்ளயே நிக்குது. காலைல கதவத் தெறந்ததும் மூக்குல சுரீர்னு ஏறுதுன்னா அது ஏறக்குறைய 20, 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 20, 25 பங்கு) அளவுக்கு வந்தாச்சுன்னு வெச்சுக்கலாம், அந்த அளவு தொடர்ந்து இருந்தா மூச்சுக்குழாய்ல தூசியையும் கிருமியையும் வெளிய தள்ற மெல்லிய முடிங்க செத்துப் போகும், அப்புறம் எந்த பாக்டீரியாவுக்கும் தடை கெடையாது. நீங்க நின்னுட்டு மோந்து பாத்தா பத்தாது, கோழி உயரத்துக்கு குத்த வெச்சு உக்காந்து மோந்து பாருங்க. இன்னொண்ணு, குளிருக்கு உள்ள கரி அடுப்பு வெச்சு கதவ சாத்தறவங்க இருக்காங்க, அதை விட்டுடுங்க, அந்தப் புகைக் காத்து மனுசனையே கொன்னுடும்.

சரி, இப்ப நேரா முட்டையக் கைல எடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு காலண்டர கொட்டகைல மாட்டி அன்னன்னிக்கு எத்தன முட்டை, அதுல எத்தன தோல்முட்டை, எத்தன அழுக்கு, எத்தன கோழி சுணங்கிருக்குன்னு எழுதிட்டே வாங்க, டாக்டர் கேக்கற மொத கேள்வியே எப்ப இருந்து, எவ்வளவு குறைஞ்சுதுங்கறதுதான். திடீர்னு ஒரே வாரத்துல பெரிய சரிவா, இல்ல மாசக்கணக்குல மெதுவா எறங்குதாங்கறதுலயே பாதி விஷயம் வெளங்கிடும்.

கோழி நல்லா தெம்பா இருக்கு, ஆனா திடீர்னு தோல்முட்டையும் நெறம் வெளுத்த முட்டையுமா கொட்டுதுன்னா அது முட்டைக் குறைவு நோய் வைரஸா இருக்கலாம், 1976ல கண்டுபிடிச்ச நோய். ஓடு கோணலா, சொரசொரப்பா, உடைச்சா வெள்ளைக்கரு தண்ணியா ஓடுது, கூடவே தும்மல் இருக்குன்னா ஐபின்னு சொல்ற தொற்று மூச்சுக்குழல் அழற்சி, அதுவும் வைரஸ்தான். கழுத்து திருகல், பச்சைக் கழிச்சல், கொத்துக் கொத்தா சாவுன்னா கோழிக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். இந்த மூணுக்கும் ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது, பின்னாடி வர்ற பாக்டீரியாவ வேணும்னா தடுக்கும், அவ்வளவுதான்.

முட்டையோட கூரான முனை மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு, தொட்டா சொரசொரன்னு, லேசா அழுத்தினாலே விரியுது, அந்த எடத்துக்கும் மிச்ச ஓட்டுக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை தெரியுதுன்னா அது மைக்கோபிளாஸ்மா சினோவியேங்கற பாக்டீரியா வேலையா இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டு மேல ரத்தக் கறை இருந்தா உடனே நோய்னு நெனைக்க வேண்டாம், புதுசா முட்டைக்கு வர்ற வெடக்கோழிக்கு அது வர்றதுதான், வயசான கோழிக்கு திரும்பத் திரும்ப வந்தா பாக்கணும். அடைக்கூட்டுல ஓடே இல்லாம, கெட்டியா, அடுக்கடுக்கா, வெட்டிப் பாத்தா மஞ்சளும் சீழுமா ஒரு கட்டி கெடந்தா அந்தக் கோழியோட முட்டைக் குழாய் அழுகியிருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் ஈ.கோலி. அந்தக் கோழி உயிரோட இருந்தாலும் திரும்ப ஒழுங்கா முட்டை விடும்னு நம்பி தீனி போட வேண்டாம்.

அடுத்தது கோழி. வயிறு கனத்து தொங்கி, பென்குவின் மாதிரி நிமிந்து நிக்குது, நடக்க மாட்டேங்குது, பின்னாடி மஞ்சளா ஒட்டியிருக்குன்னா வயித்துக்குள்ள மஞ்சக்கரு விழுந்து சீழ் புடிச்சிருக்கு. முட்டைக் கோழி நல்லா விடற பருவத்துலதான் இது அதிகம், ஒண்ணு ரெண்டா சாகும், செத்ததும் அறுத்துப் பாத்தா உள்ள மஞ்ச மஞ்சளா கொழகொழன்னு நாத்தத்தோட இருக்கும். ஒரு கோழி முட்டைல இருக்கா இல்லையான்னு சந்தேகமா இருந்தா தலைகீழாப் புடிக்காம கக்கத்துல இடுக்கிட்டு, ஆசனவாய்க்கு ரெண்டு பக்கமும் இருக்கற எலும்பு முனைங்களுக்கு நடுவுல விரல வெச்சுப் பாருங்க, ரெண்டு, மூணு விரல் போச்சுன்னா முட்டை விடற கோழி, ஒரு விரல்தான்னா விடல. நோய் புடிச்ச கூட்டத்துல யார் யாரு நிறுத்திட்டாங்கன்னு இப்படித்தான் பிரிக்கறது.

ராத்திரி கோழி எல்லாம் அடங்கினதும் லைட் போடாம கொட்டகைக்குள்ள போய் ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க. கரகரன்னு மூச்சு சத்தம், விட்டு விட்டு தும்மல் கேட்டா சிஆர்டின்னு சொல்ற நாள்பட்ட மூச்சு நோயா இருக்கலாம், அது மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம்ங்கற பாக்டீரியா வேலை. பனிக்காலத்துலதான் தலை தூக்கும், கண்ணு ஓரத்துல நுரை நுரையா இருக்கும், சாவு கம்மியா இருக்கும், ஆனா முட்டை கொஞ்சம் எறங்கி அப்படியே கீழயே நின்னுடும், பழைய அளவுக்கு ஏறவே ஏறாது. மொகம் ஒரு பக்கம் வீங்கி, கண்ணு மூடி, மூக்குல ஒழுகி, கிட்டப் போனாலே நாத்தம் அடிச்சா அது கொரைசாங்கற பாக்டீரியா சளி நோய். அது வேகமாப் பரவும், ரெண்டு மூணு நாள்ல கொட்டகையே மொகம் வீங்கி நிக்கும், முட்டை 10லிருந்து 40 சதவீதம் வரைக்கும் விழும், ஆனா தேறினா முட்டையும் திரும்பி வரும். நேத்து நல்லா இருந்த நல்ல கொழுத்த கோழி காலைல செத்துக் கெடக்கு, இன்னொண்ணுக்கு தாடி வீங்கிக் கருத்திருக்குன்னா கோழி காலரா. எலி இதைத் தூக்கிட்டு வர்றதுண்டு, மலையில தீவன மூட்டைய எங்க வெச்சாலும் எலி வந்துடுதுன்னு எல்லாருக்கும் தெரியும், தகர டிரம்ல மூடி வெக்கறத தவிர வேற வழி இல்ல. கொண்டை வெளுத்து, மஞ்சளும் பச்சையுமா கழிஞ்சு, பெரிய கோழிங்க வரிசையா சாகுதுன்னா கோழி டைபாய்டு, சால்மோனெல்லா கேலினாரம்ங்கற பாக்டீரியா வேலை. அறுத்துப் பாத்தா கல்லீரல் வீங்கி வெண்கல நெறத்துல மினுக்கும்.

பெரிய கோழிக்கு ஒண்ணுமே வெளிய தெரியாம குஞ்சு மட்டும் சாகறது இன்னொரு கதை, அதுதான் புல்லோரம், இதுவும் சால்மோனெல்லா வகைதான். பொரிச்ச குஞ்சுங்க மொத ரெண்டு மூணு வாரத்துல, குறிப்பா ரெண்டாவது வாரம், வெள்ளையா கழிஞ்சு பின்னாடி ஒட்டிக்கிட்டு, கூட்டமா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நின்னு, கீச் கீச்னு கத்திட்டே சாகும். நம்ம ஊர்ல வெள்ளைக் கழிச்சல்னாலே ராணிக்கெட்னு முடிவு பண்ணி தடுப்பூசி போடலையேன்னு வருத்தப்படறாங்க, ஆனா சின்னக் குஞ்சுல மட்டும் சாவு, தாய்க்கோழி நல்லா இருக்குன்னா தாய்க்கோழியத்தான் சந்தேகப்படணும். அது முட்டைப்பைலயே கிருமிய வெச்சுட்டு முட்டை வழியா குஞ்சுக்கு அனுப்பிட்டு இருக்கும்.

அதனாலதான் பொரிக்காத முட்டைய தூக்கி எறியாதீங்கன்னு சொல்றேன். அடை வெச்சு ஏழாவது நாள் ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா செவப்பு நரம்பு சிலந்தி வலையா ஓடியிருக்கணும், ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா கரு கட்டல, வட்டமா ரத்தக் கோடு மட்டும் இருந்தா கரு செத்துடுச்சு. 21 நாள் முடிஞ்சு இன்னும் ஒரு நாள் விட்டு மிச்சம் இருக்கறத வீட்டுக்கு வெளிய, கையுறை போட்டு, மூக்குக்கு துணி கட்டிட்டு உடைச்சுப் பாருங்க. தெளிவா இருக்கறது கூமுட்டை, அது சேவல் பிரச்சனை. பச்சையா கருப்பா நாத்தம் அடிச்சா ஓட்டு வழியா பாக்டீரியா உள்ள போயிருக்கு, இது கூடு அழுக்கு, முட்டை அழுக்கு. முழுசா வளந்து, மஞ்சக்கரு உள்ள போகாம, அலகு ஓட்டக் குத்தியும் குத்தாமலும் செத்திருந்தா சால்மோனெல்லா, மைக்கோபிளாஸ்மா, ஈ.கோலி மூணுமே லிஸ்டுல வரும். ஆனா மலையில இங்க ஒரு சிக்கல் இருக்கு. மழைக்காலத்துல கரண்ட் போய் இன்குபேட்டர் ஆறினாலும், அடைக்கோழி ரொம்ப நேரம் எந்திரிச்சுப் போனாலும் இதே மாதிரிதான் சாகும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி சுமார் ஏழாயிரம் அடி உயரத்துல இருக்கற ஊர்ல காத்தே கொஞ்சம் மெல்லிசு, முட்டைல இருந்து ஈரம் சீக்கிரம் போகும், அதனாலயும் பொரிப்பு குறையும். அதனால ஒரு அடைய வெச்சு பாக்டீரியான்னு முடிவு கட்டாதீங்க, ரெண்டு மூணு அடைக்கோழிகிட்ட ஒரே மாதிரி வந்தா, குஞ்சும் தொப்புள் ஈரமா வயிறு வீங்கி மொத வாரமே செத்தா, அப்ப சந்தேகத்துக்கு பலம் வருது.

முட்டைக்குள்ள பாக்டீரியா எப்படி நுழையுதுங்கறதுல நம்ம குளிருக்கு பெரிய பங்கு இருக்கு, இத நெறைய பேர் யோசிக்கறதே இல்ல. விட்டதும் முட்டை கோழி உடம்புச் சூட்டுல, 40 டிகிரிக்கு மேல இருக்கும், ஓட்டுல ஆயிரக்கணக்குல நுண்ணிய ஓட்டை இருக்கும், மேல ஈரப் பூச்சு இன்னும் காஞ்சிருக்காது. அது ஆறும்போது உள்ள இருக்கறது சுருங்கி வெளிக் காத்த உள்ள இழுக்கும், அகலமான பக்கம் காத்தறை உண்டாகறதே இப்படித்தான். வெளிய 8 டிகிரி குளிரு, அடைக்கூட்டுல நனைஞ்ச வைக்கோலும் எச்சமும்னா காத்தோட சேத்து அந்தத் தண்ணியையும் அதுல இருக்கற கிருமியையும் இழுத்துக்கும். பச்சத் தண்ணில முட்டைய கழுவறதும் இதே தப்புதான், அடைக்கு வெக்கற முட்டைய கழுவவே கூடாது, லேசா ஒட்டியிருந்தா காஞ்ச துணில இல்ல மெல்லிய உப்புத்தாள்ல தேச்சு விடுங்க, ரொம்ப அழுக்கா இருந்தா அதை அடைக்கு வெக்காதீங்க. கண்டிப்பா கழுவியே ஆகணும்னா தண்ணி முட்டைய விட சூடா இருக்கணும், கை பொறுக்கற வெதுவெதுப்பு.

இதே குளிரு ஒரு நல்லதும் பண்ணுது. அடை முட்டைய 15லிருந்து 18 டிகிரில வெக்கணும்னு சொல்லுவாங்க, சமவெளில அதுக்கு ஏசி வேணும், நமக்கு வடக்குப் பக்க ரூம் போதும். அகலமான முனை மேல இருக்கற மாதிரி வெச்சு ஒரு வாரத்துக்குள்ள அடைக்குப் போட்டுடுங்க. ஆனா அங்கிருந்து நேரா எடுத்து சூடான இன்குபேட்டர்ல வெச்சா ஓட்டு மேல முத்து முத்தா வேர்க்கும், அந்த ஈரம்தான் கிருமிக்கு பாதை, அதனால சில மணி நேரம் சாதாரண ரூம்ல வெச்சு காஞ்ச பிறகு வையுங்க.

இப்ப நோய்னு சந்தேகம் வந்தாச்சு, என்ன பண்றது. சுணங்கின கோழிய வேற எடத்துக்கு மாத்துங்க, நல்லதுக்கு மொதல்ல தீனி போட்டுட்டு கடைசியா நோய்க் கோழிகிட்ட போங்க, செருப்பு தனியா வையுங்க. 1962க்கு போன் பண்ணா கால்நடை ஆம்புலன்ஸ் பத்தி கேக்கலாம், பக்கத்து கால்நடை மருந்தகத்துல சொல்லுங்க. செத்த கோழிய அறுத்துப் பாத்தா ஆயிரம் யூகத்த விட நல்லது. சாயங்காலம் செத்தத நாலு நாள் கழிச்சு தூக்கிட்டுப் போனா ஒண்ணும் தெரியாது, செத்து சில மணி நேரத்துக்குள்ள ரெண்டு கவர்ல போட்டு கட்டி, சுத்தி ஐஸ் வெச்சு, உறைய வெக்காம அன்னிக்கோ மறுநாளோ கொண்டு போங்க, சாகற நிலைல இருக்கற கோழி இன்னும் நல்லது, கூட அந்தப் பொரிக்காத முட்டையையும் செத்த குஞ்சையும் எடுத்துட்டுப் போங்க. கோழி நோய்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1985ல ஆரம்பிச்சது, முட்டைப் பண்ணைங்களோட நடுவுலயே இருக்கறதால அவங்களுக்கு இது தினசரி வேலை. நீலகிரிக்காரங்களுக்கு உடுமலைப்பேட்டை, கொடைக்கானல் பக்கத்துக்கு தேனி, ரெண்டு எடத்துலயும் 2020ல புதுக் கல்லூரி வந்திருக்கு, போன் போட்டு கேட்டுட்டு கெளம்புங்க. ஒரே நாள்ல கொத்தா சாவு வந்தா மட்டும் கோழிய எங்கயும் எடுத்துட்டுப் போகாதீங்க, டாக்டர வரச் சொல்லுங்க. கேரளாவுல பறவைக் காய்ச்சல்னா நாடுகாணி, பாட்டவயல் செக்போஸ்ட்ல கோழி வண்டிய ஏன் நிறுத்தறாங்கன்னு கூடலூர்க்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம்.

லேப்ல எந்த பாக்டீரியா, எந்த மருந்துக்கு அடங்கும்னு பாத்துச் சொல்லுவாங்க, அதுக்கப்புறம் குடுக்கற மருந்துக்குத்தான் அர்த்தம் இருக்கு. மைக்கோபிளாஸ்மாவுக்கு செல் சுவரே கெடையாது, அதனால செல் சுவர உடைக்கற அமாக்ஸிசிலின் வகை மருந்த எவ்வளவு குடுத்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். கொலிஸ்டின் மருந்த இந்தியாவுல கோழி, மாடு மாதிரி உணவுக்கு வளக்கற பிராணிக்குக் குடுக்கறத 2019ல தடை பண்ணிட்டாங்க, பழைய பாக்கெட்ட யாராவது நீட்டினா வாங்காதீங்க. மஞ்சக்கரு வளர பத்து நாள் ஆகும்னு மேல சொன்னேன் இல்ல, மருந்து அந்த வளர்ற மஞ்சக்கருவுல எல்லாம் சேரும், அதனால கடைசி டோஸ் முடிஞ்ச மறுநாள் முட்டை சுத்தம்னு அர்த்தம் இல்ல. டாக்டர்கிட்ட எத்தன நாள் முட்டைய விக்கக் கூடாது, சாப்பிடக் கூடாதுன்னு கேட்டு காலண்டர்ல எழுதுங்க, சில மருந்து முட்டைக் கோழிக்கே குடுக்கக் கூடாத வகை.

மருந்து குடுத்து தேறின கோழிய என்ன பண்றது, இதுலதான் முக்கியமான முடிவு இருக்கு, ஆனா யாரும் யோசிக்காம தேறின கோழியத்தான் "ராசியான கோழி"ன்னு அடைக்கு வெக்கறாங்க. புல்லோரம், டைபாய்டு, மைக்கோபிளாஸ்மா இது மூணும் மருந்துல அடங்குமே தவிர முழுசா போகாது, முட்டை வழியா குஞ்சுக்குப் போகும். அந்தக் கூட்டத்து முட்டைய டாக்டர் சொன்ன மருந்துக் கெடு நாள் முடிஞ்சதும் நல்லா வேக வெச்சு சாப்பிடலாம், அடைக்கு மட்டும் கூடவே கூடாது. கொரைசா அப்படி இல்ல, அது முட்டை வழியா போறதில்ல, தேறின கோழி முட்டைய பொரிக்க வெக்கலாம், ஆனா தேறினது கிருமிய மூக்குல வெச்சுட்டே திரியும், அதனால அந்த முட்டைய வேற அடைக்கோழிகிட்ட இல்லன்னா இன்குபேட்டர்ல வெச்சு குஞ்ச தனியா வளக்கணும். குழாய் அழுகின ஈ.கோலி கோழி முட்டையே விடாது, கழிச்சுடுங்க.

குஞ்சு பொரிச்சு விக்கறவங்க தாய்க்கோழி, சேவல் எல்லாத்துக்கும் புல்லோரம் டெஸ்ட் பண்ணிக்கறது நல்லது, பெரிய செலவு இல்ல. றெக்கைல குத்தி ஒரு சொட்டு ரத்தம், வெள்ளை டைல்ஸ் மேல ஒரு சொட்டு கலர் ஆன்டிஜன் (கொன்ன கிருமிக்கு சாயம் ஏத்தின டெஸ்ட் மருந்து), ரெண்டையும் கலக்கி ஆட்டினா 2 நிமிஷத்துக்குள்ள திப்பி திப்பியா பிரிஞ்சா பாசிட்டிவ். அத எடுத்துட்டு, மூணு நாலு வாரம் கழிச்சு மிச்சத்துக்கு திரும்ப பண்ணணும், ஒரு தடவ பாத்துட்டு நிம்மதியா இருந்துட முடியாது. சேவல விட்டுடாதீங்க, எட்டுப் பத்து பொட்டைக்கு ஒரு சேவல்னா ஒரே சேவலுக்கு நோய் இருந்தா எல்லாத்துக்கும் அதான் கொண்டு போய் குடுக்கும். சண்டைக்குக் கொண்டு போய் வந்த சேவல், திருவிழாவுக்கு நேந்து விட வாங்கின சேவல், இதெல்லாம் நேரா கூட்டத்துக்குள்ள விடற பழக்கம் இருக்கே, அதை மட்டும் மாத்தினாலே பாதி நோய் வராது. சந்தைல வாங்கினாலும் மேட்டுப்பாளையம், வத்தலக்குண்டுல இருந்து வர்ற வண்டில வாங்கினாலும் மூணு நாலு வாரம் தனியா வெச்சுப் பாருங்க. அந்த வண்டிக்காரங்க குடுக்கற அட்டை டிரேயும் பல கொட்டகை பாத்தது, அத உள்ள கொண்டு வராதீங்க.

கொட்டகைல செய்ய வேண்டியது சுருக்கமா சொல்றேன். கோழி நிக்கற உயரம் வரைக்கும் மூடுங்க, கூரைக்குக் கீழ ஒரு அடி நாலு பக்கமும் தெறந்தே இருக்கட்டும், சூடும் ஈரமும் அமோனியாவும் அந்த வழியாத்தான் போகணும். காஞ்ச மரத்தூளோ உமியோ மூணு நாலு இஞ்ச் போட்டு வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ கிளறி விடுங்க, கைல ஒரு புடி எடுத்து அமுக்கினா உருண்டையா நின்னா ஈரம் அதிகம், உதிரணும். சில்வர் ஓக் இழைப்புத் தூள் கெடைச்சா நல்லா உறிஞ்சும், ஆனா மழைல நனைஞ்ச தூள வாங்கி அப்படியே போட்டா பூஞ்சணம் வேற வந்து சேரும். தண்ணித் தொட்டி ஒழுகற எடத்துல கீழ செங்கல்லு அடுக்கி விடுங்க. நாலஞ்சு கோழிக்கு ஒரு அடைக்கூடு, தரைய விட உயரமா, இருட்டா, ராத்திரில அதுல தூங்க விடக்கூடாது, தூங்கினா எச்சம் போட்டு வெச்சுடும். முட்டைய ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ எடுங்க.

தண்ணி பத்தி ஒரு வார்த்தை. ஊத்துத் தண்ணி சுத்தம்ங்கற நம்பிக்கை நம்ம பக்கம் ரொம்ப, ஐப்பசி மழைல மேல இருக்கற தோட்டத்து எரு, கழிவு எல்லாம் அதுலதான் எறங்குது. 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 8லிருந்து 10 கிராம், பக்கெட்ல கரைச்சு தெளிஞ்ச தண்ணிய மட்டும் தொட்டில ஊத்தி ஒரு மணி நேரம் கழிச்சு குடுங்க. தண்ணில தடுப்பூசி குடுக்கற நாள்லயும் அதுக்கு முந்தின நாள்லயும் பிளீச்சிங் வேண்டாம், மருந்து செத்துடும். ராணிக்கெட் தடுப்பூசி பாக்டீரியாவுக்கு இல்லைன்னாலும் அதை விடாமப் போடுங்க, வைரஸ் தொட்ட மூச்சுக்குழாய்லதான் ஈ.கோலியும் மைக்கோபிளாஸ்மாவும் குடியேறுது. அரசு கோழிக்கழிச்சல் முகாம் வருஷா வருஷம் நடக்கும், மருந்தகத்துல தேதி கேட்டு வெச்சுக்கோங்க. கொரைசா, காலராவுக்கும் ஊசி இருக்கு, ஆனா ஒரு பாட்டில் நூத்துக்கணக்கான கோழிக்கு வர்ற அளவு, ஏற்கனவே அந்த நோய் வந்த ஊர்னா நாலஞ்சு வீடு சேந்து வாங்கினாத்தான் கட்டும்.

செத்த கோழிய தேயிலைத் தோட்டத்து ஓடைல வீசறதும் நாய்க்குப் போடறதும் நம்ம கிருமிய நாமே பக்கத்து வீட்டுக்கு அனுப்பறது. ஊத்துக்கும் ஓடைக்கும் தள்ளி, நாலடி ஆழத்துல சுண்ணாம்பு போட்டு பொதைங்க. வீட்டு ஆளுங்களுக்கும் ஒரு எச்சரிக்கை, கோழிய சாகடிக்காத சால்மோனெல்லா வகைங்களும் முட்டைல வரும், அது மனுசனுக்கு வாந்தி பேதி குடுக்கும். வயசுக்கு வந்த பொண்ணுக்கு பச்ச முட்டையும் நல்லெண்ணெயும் குடுக்கற வழக்கம் இன்னும் இருக்கு, கொட்டகைல நோய் இருக்கற நேரத்துல அந்த முட்டைய வேக வெச்சே குடுங்க, ஆஃபாயிலும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், மஞ்சக்கரு கெட்டியாகற வரைக்கும் வெந்தா போதும்.